திங்கட்கிழமை பார்ப்போம்

1

நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. போன வருடம் ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் ஒன்றேகாலுக்கு, ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராம் மாடி வீட்டுக்கு வந்தார். மூன்று ஐந்துக்குப் புறப்பட்டார். இந்த நேரங்களை ஞாபகத்திலிருந்து எழுதவில்லை, புத்தகத்தில் இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். நான் ஊரில் ஒன்பது வருடம் கணித ஆசிரியராக இருந்தவன். நம் பாடசாலைகளில் அதிபரின் மேசையில் சம்பவத்திரட்டுப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். கல்விப் பணிப்பாளர் வந்தாலும், மழைக்குக் கூரை ஒழுகினாலும் அதில் ஏறும். வந்தவர் இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் போகலாம். கனடாவில் சொந்தமாக வீடு என்று ஒன்று வந்த அன்றே நான் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கி, கோடு போட்டு, அதே மாதிரி எழுதத் தொடங்கினேன். திகதி, நேரம், விடயம், காரணம். இன்சூரன்ஸ்காரரிடமும் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். என் மனைவி சுகந்தி இதை "உங்கடை கச்சேரி" என்பாள், ஊரில் அரசாங்க அலுவலகத்துக்கு அதுதான் பெயர்.

பயிற்றுநரும் எழுதினார். ஆங்கிலத்தில், பெரிய சாய்ந்த எழுத்தில். இந்த வீட்டுச் சாப்பாட்டைத் தான் மறக்கப்போவதில்லை, பிரவீன் நான்கு வருடமும் தன் கண் முன்னாலேயே இருப்பான் என்று. கீழே கையொப்பம்.

நேற்றைக்கு முந்திய சனிக்கிழமை அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒரு வருடம் நிறைய ஒரு கிழமை இருந்தது.

2

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு அமெரிக்க உதைபந்தாட்டம் என்ற இந்த விளையாட்டு விளங்காது. எனக்கே விளங்க மூன்று வருடம் எடுத்தது. பெயரில் உதை இருக்கிறதே தவிர, நாங்கள் விளையாடிய உதைபந்தாட்டத்துக்கும் இதற்கும் சொந்தமில்லை. பந்து மாங்காய் மாதிரி நீண்டிருக்கும். தலைக்கவசம் போட்ட மலை போன்ற பையன்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை ஆள் மோதுவார்கள். உதைப்பதற்கென்று ஒரே ஒரு மெலிந்த பையன் ஓரத்தில் நிற்பான். தேவை வரும்போது அவனைக் கூப்பிடுவார்கள். இன்னொரு பையன் மண்டியிட்டுப் பந்தை ஒரு விரலால் நிறுத்திப் பிடிக்க, இவன் ஓடிவந்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் உதைக்கவேண்டும். உள்ளே போனால் கைதட்டு. வெளியே போனால் ஊரெல்லாம் ஏச்சு.

எங்கள் மகன் பிரவீன் அந்த மெலிந்த பையன். பாடசாலையில் சாதாரண உதைபந்து விளையாடிக்கொண்டிருந்தவனை இதற்குள் இழுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு இடங்கள் அவனைக் கேட்டன. முதலில் கேட்டது இங்கே ஒன்ராறியோவிலேயே, காரில் இரண்டு மணிநேரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். அதன் பயிற்றுநர் ஒரு வயதானவர், தொலைபேசியில்தான் கதைத்தார். இரண்டாவது எல்லைக்கு அப்பால். அவர்தான் வீட்டுக்கு வந்தவர்.

சுகந்தி இடியப்பம், சொதி, கோழிக்குழம்பு வைத்தாள். முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தாள். மனிதர் கரண்டியைப் பார்க்கவேயில்லை. எங்கள் கைகளைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார், சொதியை இடியப்பத்தில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இவன் அங்கே இருக்கும் நான்கு வருடமும் நீங்கள் இருப்பீர்களா?" நான் எங்கேயும் போகவில்லை என்றார். அதை எழுதித் தரமுடியுமா என்று புத்தகத்தை நீட்டினேன். சிரித்தபடி எழுதினார்.

லிப்ட் கதவு மூடியதும் சுகந்தி சொன்னாள். "இது நல்ல மனிசன். கையாலை பிசைஞ்சு சாப்பிட்டவன் பொய் சொல்லமாட்டானப்பா."

நானும் நம்பினேன். படித்தவன், பட்டதாரி. இது எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை என்று இப்போது நினைக்கிறேன். சம்பந்தம் பேச வந்தவர்களை நாங்கள் எப்படிக் கணிக்கிறோமோ, அப்படித்தான் ஒரு தொழில்முறை ஆட்சேர்ப்பாளரையும் கணித்தோம். எத்தனை இடியப்பம், எந்தக் கை, முகம் சுளித்தாரா, தண்ணீர் கேட்டாரா. அவருடைய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஒரு பருவத்தில் எத்தனை வீடுகளில் சாப்பிடுவார் என்றும் கேட்கவில்லை.

அடுத்த நாளே ஒன்ராறியோப் பயிற்றுநருக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன். மரியாதையாக, ஒரு பக்கம் நிறைய. ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு இன்னொருவருக்குச் சம்மதம் சொல்வது எங்கள் வழக்கமில்லை என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். எனக்கு அது சரியாகவே பட்டது.

3

அவர் போவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை காலை, விளையாட்டு வீரர்கள் எல்லோரும் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்திருக்கிறார்கள். பயிற்றுநர் வந்து கைதட்டி, இந்த வருடம் நம்முடைய வருடம், திங்கட்கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சனி காலை பையன்களின் போன்களில் செய்தி வந்தது. அவர் அப்போது ஏற்கனவே வேறு மாநிலத்தில், வேறு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு மேடையில் நின்றார். பிரவீன் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டோடு நின்றபடி அதைப் பார்த்திருக்கிறான்.

அவருடைய அறிக்கையை நான் அச்சடித்து வைத்திருக்கிறேன். "என் குடும்பத்துக்கு எது நல்லது என்று யோசித்து எடுத்த கடினமான முடிவு" என்பது அதன் சாரம். போன இடம் பெரிய இடம், சம்பளம் பல மடங்கு. அதை நான் குற்றம் சொல்லவில்லை. என்னை எரிக்கிறது வேறு. அவர் போவதற்கு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தை முறித்ததற்குப் புது இடம் பழைய இடத்துக்கு ஈடு கட்டினால் கணக்குத் தீர்ந்தது. பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு யார் ஈடு கட்டுவது? அவரை நம்பி ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போனவனுக்கு?

திங்கள் காலை நான் மிசிசாகாவில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் பெண் இரண்டாவது பெண்ணிடம் மாற்றினாள். இரண்டாவது பெண் விதிமுறை அலுவலகத்துக்கு மாற்றினாள். அங்கே ஓர் இளைஞன், என் பெயரை மூன்று விதமாக உச்சரித்துவிட்டு, மகன் வயது வந்தவர் என்பதால் அவருடைய விடயங்களை என்னோடு பேச முடியாது என்றான். நான் என்னுடைய புத்தகத்தில் பயிற்றுநர் கையொப்பமிட்டிருக்கிறார் என்றேன். எந்தப் புத்தகம் என்றான். விளக்கினேன். பிறகு, நீங்கள் கையொப்பமிட்ட பத்திரம் பல்கலைக்கழகத்தோடு, பயிற்றுநரோடு அல்ல என்று மிக மரியாதையாகச் சொன்னான். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஐந்து பக்கத்தில் அவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. ராகுகாலம் பார்த்து, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து நாங்கள் கையொப்பமிட்ட பத்திரம் அது.

புதன்கிழமை புதுப் பயிற்றுநர் வந்தார். வரும்போது தன் பழைய இடத்திலிருந்து தன்னுடைய உதைக்கும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிரவீனிடம் ஐந்து நிமிடம் கதைத்தாராம். நீ இருக்கலாம், ஆனால் களத்தில் இறங்குவாய் என்று எதிர்பார்க்காதே. பயிற்றுநர் மாறினால் வீரர்கள் வேறிடம் போக ஒரு கதவு சில நாட்களுக்குத் திறந்திருக்கும். அதற்குள் முடிவெடுக்கவேண்டும். இருந்தால் மீதி வருடமெல்லாம் களத்தின் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பான். போவதென்றால் எங்கே போவது? படிப்பு, விசாப் பத்திரம், விடுதி எல்லாம் அந்த ஒரு மனிதரின் வார்த்தையில் கட்டியவை.

வியாழன் மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், மூன்றாவது வரைவு. பழைய பயிற்றுநருக்கு ஒரு பிரதி, பல்கலைக்கழகத் தலைவருக்கு ஒரு பிரதி, அந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு பிரதி.

"அப்பா, ப்ளீஸ். உந்தக் கடிதத்தை அனுப்பாதேங்கோ."

"ஏன் அனுப்பக்கூடாது? அந்தாள் எழுதிக் கையெழுத்து வைச்சது பொய்யே?"

"இட்ஸ் பிஸ்னஸ், அப்பா. எவ்ரிபடி லீவ்ஸ். நான் அவரா இருந்தாலும் போயிருப்பன்."

எனக்கு அந்த அமெரிக்கரை விட இவன்மேல் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்டவனே ஏமாற்றியவனுக்காகக் கதைக்கிறான். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. தோளைக் குலுக்குவதற்கென்றே வளர்த்திருக்கிறோம்.

சுகந்தி சமையலறையிலிருந்து சொன்னாள். "பாவி, ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்."

4

நேற்றுமுன்தினம், வெள்ளி மதியம், ரவீந்திரனைச் சந்தித்தேன். ரவி என் பழைய மாணவன், நாற்பது தாண்டியவன். ரெக்ஸ்டேலில் வீடு, விமான நிலையத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கண்டுபிடித்தான். அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது கதைப்போம். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் கடிதத்தைத் திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தேன். மிசிசாகாவில் என் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக்கடை. அச்சடித்த கடிதத்தோடு வந்தான். ஆங்காங்கே பென்சிலால் சின்னத் திருத்தங்கள். மூன்றாவது பந்திக்குக் குறுக்கே மட்டும் ஒரு கோடு.

"சேர், மூண்டாம் பந்தியை எடுத்துவிடுங்கோ."

மூன்றாவது பந்தி வெள்ளிக்கிழமையைப் பற்றியது. போகப்போவது தெரிந்துகொண்டே, திங்கட்கிழமை பார்ப்போம் என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒருவருக்கு ஆசான் என்ற பெயர் தகுமா என்று கேட்டிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பந்தி.

"ஏன் ரவி, இங்கிலிஸ் பிழையே?"

"இங்கிலிஸ் சரி."

"பின்னை?"

கோப்பியைக் கலக்கினான். சீனி எப்போதோ கரைந்திருக்கும். "சேர் எங்களுக்குக் கடைசியாச் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் கேட்கும் வரைக்கும் இருக்கவில்லை, கேட்டதும் வந்தது. உயர்தர வகுப்பு, பரீட்சைக்கு மூன்று மாதம். பாடசாலை தொடங்குமுன் காலை ஆறு மணிக்கு நான் இலவசமாக ஒரு மேலதிக வகுப்பு எடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, தொகையிடலில் ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, மீதியைத் திங்கட்கிழமை பார்ப்போம் என்றேன். சனிக்கிழமை கொழும்புக்கு பஸ் ஏறினேன். ஞாயிறு விமானம். அதிபரிடம் சுகயீன லீவு என்று கடிதம் கொடுத்திருந்தேன்.

"இருபத்திமூண்டு பேர் சேர். ஏழரை மணி மட்டும் காத்திருந்தம். முரளி சொன்னவன், சேருக்குச் சைக்கிள் காத்துப் போயிருக்கும் எண்டு. பம்பையும் எடுத்துக்கொண்டு உங்கடை வீட்டடிக்குப் போனவன். கேற் பூட்டு."

நான் கடிதத்தை மடித்தேன்.

"பிறகு ஒரு சேர் பக்கத்து ஊரிலை இருந்து வந்து படிப்பிச்சவர். நாங்கள் பாஸ் பண்ணியிட்டம், அதுக்கு ஒண்டும் குறைவில்லை."

"என்னிலை கோபமே ரவி?"

"போனதுக்கில்லை. ஆர்தான் போகேல்லை, நானும் இஞ்சைதானே நிக்கிறன். திங்கக்கிழமை எண்டு சொன்னதுக்குத்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கோச்சுக்காவது மேடை போட்டுத் தொப்பி குடுத்துக் கூப்பிட்டவங்கள். உங்களைப் பெட்டி அடுக்கவெல்லே கூப்பிட்டவங்கள், சேர்."

நானும் சிரித்தேன். வந்த முதல் நான்கு வருடமும் நான் பெட்டிதான் அடுக்கினேன்.

திரும்பி வேலைக்கு நடக்கும்போது என் பக்க நியாயங்களை வரிசைப்படுத்தினேன். நான் சம்பளத்துக்காகப் போகவில்லை, நாடு அப்படி இருந்தது. ஆனால் திகதி பார்க்கும் பழக்கம் உள்ளவனுக்குத் தன்னையே ஏமாற்றுவது கடினம். நான் புறப்பட்டது போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில். பாதை திறந்திருந்தது, ஷெல் விழவில்லை. அகதியாக வரவில்லை. வயதுக்கு, பட்டத்துக்கு, ஆங்கிலத்துக்குப் புள்ளி போட்டு, கனடா என்னை நல்ல ஆள் என்று தெரிவுசெய்து கடிதம் அனுப்பியது. பயணத் திகதியை நானே எடுத்தேன். மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம். விசாவில் இடம் இருந்தது. சமாதானம் நிலைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை என்பது உண்மை. அதைப் பையன்களிடம் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. இத்தனை வருடமாக என் பிள்ளைக்கு, போரால் வந்தோம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி வந்திருக்கிறேன்.

இதனால் பயிற்றுநர் நல்லவராகிவிடவில்லை. ஒரு பிழையை இரண்டு பேர் செய்தால் அது பாதியாகாது. ஆனால் மூன்றாவது பந்தியை என்னால் இனி அனுப்ப முடியாது. அது இல்லாமல் மீதிக் கடிதம் வெறும் முறைப்பாடு.

5

நேற்றுக் காலை பத்து மணிக்கு பிரவீன் ஒன்ராறியோப் பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். நாங்கள் இரண்டு பேரும் சோபாவில், பரீட்சை முடிவு கேட்பவர்கள் மாதிரி.

கிழவர் முதலில் என் கடிதத்தைப் பற்றித்தான் கேட்டார். முப்பது வருடத்தில் தனக்கு வந்த மறுப்புகளிலேயே அழகானது அதுதான் என்றும், மனைவிக்கு வாசித்துக் காட்டியதாகவும் சொன்னார். எனக்குக் காது சுட்டது. பிறகு விடயத்துக்கு வந்தார். இடம் இருக்கிறது. செப்டெம்பரிலிருந்து சேரலாம். உதைக்க ஏற்கனவே ஒருவன் இருக்கிறான், போட்டி போடவேண்டும். சில பாடங்கள் கணக்கில் வராது, அரை வருடம் பின்தங்கும்.

என்னால் இருக்க முடியவில்லை. நான்கு வருடமும் நீங்கள் இருப்பீர்களா என்று குறுக்கே கேட்டேன். பிரவீன் கண்ணை மூடிக்கொண்டான்.

இல்லை என்றார். இரண்டு வருடம் நிச்சயம். அதற்குப் பிறகு என் முழங்காலும் மனைவியும் தீர்மானிப்பார்கள். போவதென்றால் பையன்களிடம் முதலில் சொல்லுவேன்.

போனை வைத்ததும் சுகந்தி சொன்னாள். "உவர் வீட்டையும் வரேல்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. இவரை எப்பிடி நம்புறது?"

"அதுதான் அம்மா, நம்பலாம்" என்றான் பிரவீன்.

ஒன்ராறியோவுக்கே மாறுவதென்று மத்தியானத்துக்குள் முடிவெடுத்துவிட்டான். விலகும் படிவத்தை இங்கிருந்தே இணையத்தில் நிரப்பலாம், சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லலாம். திரும்பிப் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஞாயிறு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தான்.

"ஐஞ்சு மணித்தியாலம் ஏன் இந்த ஸ்னோவுக்கை?" என்றாள் சுகந்தி. "ஒரு மெசேஜ் போட்டால் காணாதே?"

"ஜேக் இருக்கிறான் அம்மா. எனக்குப் பந்து பிடிக்கிறவன். நாங்கள் ரெண்டு பேரும்தான் காலமை சிக்ஸுக்குப் போய் ப்ராக்டிஸ் பண்ணுறது. ஹீ டஸன்ட் நோ. திங்கக்கிழமை அவன் அங்கை வந்து பந்தோடை நிப்பான்."

நான் எழுந்து பல்கணிக் கதவடியில் போய் நின்றேன். ஊரில் நான் விட்டுவந்த அந்த வெள்ளிக்கிழமை அவனுக்குத் தெரியாது. ரவி சொன்னது எதையும் நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாளாக, தோளைக் குலுக்கும் பிள்ளை என்று இவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போவார்கள் என்று இவன் சொன்னது சரி. எப்படிப் போவது என்பதை இவன் யாரிடம் படித்தான் என்று தெரியவில்லை. அந்தப் பயிற்றுநரிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

6

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு பஸ். காரில் போகும்போது கடிதம் அனுப்பவில்லை என்றேன். "குட்" என்றான். பிறகு அந்த இருபத்துமூன்று பேரின் கதையைச் சொன்னேன். பம்பையும் சொன்னேன். சிக்னலில் நின்றபோது என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அவங்களுக்கு கோல் பண்ணினீங்களோ?"

"இல்லை."

"இவ்வளவு வருஷமாவோ?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

வீட்டுக்கு வந்து சம்பவத்திரட்டைத் திறந்தேன். பயிற்றுநரின் சாய்ந்த எழுத்தை ஒருமுறை வாசித்தேன். புதுப் பக்கத்தில், எப்போதோ எழுதியிருக்கவேண்டிய ஒரு திங்கட்கிழமையைப் பதிந்தேன். நேரம்: காலை ஆறு. விடயம்: வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை. காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனை நின்றது. எனக்கு எழுத வந்த வசனம், என் குடும்பத்துக்கு எது நல்லது என்று யோசித்து எடுத்த முடிவு என்பதுதான். பயிற்றுநரின் அறிக்கை அதே மேசையில் கிடந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

பிறகு ரவிக்குத் தொலைபேசி எடுத்து முரளியின் இலக்கத்தைக் கேட்டேன். முரளி ஊரிலேயே இருக்கிறான்.

"எப்ப எடுக்கப்போறியள் சேர்?"

"அங்கை திங்கக்கிழமை காலமை ஆறு மணிக்கு."

ரவி ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னான். "எழும்பியிருப்பான் சேர்" என்றான்.

அங்கே திங்கள் காலை ஆறு என்றால் இங்கே ஞாயிறு மாலை ஏழரை. இலக்கத்தை எழுதிய துண்டு போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது ஏழு இருபத்தாறு.